படிப்பும் பணியும்: பிழை மனிதரிடமா, பொறியிடமா?



சில திங்களாக இப்பகுதிக்கு வரும் வினாக்களுள் ஒன்று மீண்டும் மீண்டும் வருகின்றது. "என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பொறியியல் வேண்டாம், யூஎக்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள். அஃது என்ன படிப்பு? அதனால் பிழைக்க முடியுமா?" என்று ஒரு தாயார் கேட்கின்றார். "என் தம்பி பி.காம். முடித்து, தொலைபேசியில் வாடிக்கையாளருக்கு விடை கூறும் வேலையில் இருக்கிறான். யூஎக்ஸ் பயிற்சி என்று ஒரு நிலையத்தார் இலட்ச ரூபாய்க்கு மேல் கேட்கின்றனர். கடன் வாங்கிக் கட்டலாமா?" என்று ஓர் அண்ணன் கேட்கின்றார். இவ்விருவருக்கும் சேர்த்தே இத்திங்கள் எழுதுகின்றேன்.

யூஎக்ஸ் என்பது பயனர் அனுபவ வடிவமைப்பு என்பதன் சுருக்கப் பெயர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழகியதே. நம் வீட்டு அரிவாள்மனையைப் பாருங்கள். கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கைகளும் காய் நறுக்குவதற்கு ஓய்வாகி விடுகின்றன. தரையில் அமர்ந்து சமைப்பவரின் உடலையும் பழக்கத்தையும் கண்டறிந்த ஒருவர் அமைத்த கருவி அது. முறத்தின் அகன்ற வாயும், குடத்தின் இடுப்பில் பொருந்தும் வளைவும் அவ்வாறே அமைந்தவை. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பு, அதைக் கையாளப் போகின்றவர் யார், எந்த இடத்தில் எந்த நிலையில் கையாளுவார், எங்கே தடுமாறுவார் என்று ஆராய்ந்து, அதற்கேற்ப அதனை அமைப்பதே இத்தொழில். இன்று அது பெரும்பாலும் கைப்பேசித் திரையிலும் கணிப்பொறித் திரையிலும் நடைபெறுகின்றது. எங்கே எந்தப் பொத்தான், எந்தச் சொல், எதன் பின் எது, தவறு நேர்ந்தால் மீள்வது எப்படி என்பவற்றை முடிவு செய்வோரே இத்தொழிலாளர்.

இத்தொழிலுக்கு அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. அஃது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தெளிவாயிற்று. அமெரிக்காவின் பி-17 வகை விமானங்கள் நலமாகத் தரையிறங்கிய பின்பு, விமானிகள் சிலர் இறக்கை மடல்களை மடக்க எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். விமானம் வயிறு தரையில் மோத விழுந்தது. விமானிகளின் கவனக்குறைவு என்றே முதலில் கூறினர். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலார் விமானியின் அறைக்குள் சென்று பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. களைத்த கை ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதில் வியப்பென்ன? அவர் ஒரு விசையின் முனையில் சிறு சக்கரம் போன்ற குமிழையும், மற்றொன்றில் ஆப்பு வடிவக் குமிழையும் பொருத்தச் செய்தார். தொட்ட அளவிலேயே வேறுபாடு புரிந்தது. 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் இருவர் விமானிகளின் பிழைகள் என்று கூறப்பட்ட 460 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, கருவிகளின் அமைப்பே பல பிழைகளுக்குக் காரணம் என்று காட்டினர்.

பயன்படுத்துவோர் தடுமாறினால், முதலில் ஐயுற வேண்டியது அவருடைய அறிவை அன்று, பொருளின் அமைப்பையே. இத்துறையின் முதற்பாடம் இதுவே. இதற்கு இன்று வழங்கும் பெயர் பரவியது பிற்காலத்தில்தான். 1993இல் டொனால்டு நார்மன் என்னும் அறிஞர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, தம் பதவியின் பெயரிலேயே "பயனர் அனுபவம்" என்ற சொல்லை அமைத்துக்கொண்டார்.

இவை யாவும் வெள்ளையர் நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டா. நம்மைப் போல் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழர் ஒருவரும் இத்தொழிலைச் செய்திருக்கின்றார். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா என்பார், மலாயாவுக்குச் சென்று பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். ஆங்கிலத் தட்டச்சில் தேர்ந்த அவருக்குத் தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. தமிழ் எழுத்துகளோ 247. பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. எழுத்துக்கு ஒரு விசை என்று கணக்கிட்டால் வழியே இல்லை. அவர் எழுத்துகளைப் பகுத்துப் பார்த்து, நகரா விசை என்னும் உத்தியைக் கையாண்டார். இகரக் குறியை அடித்தால் குறி பதியும், தாள் நகராது. அடுத்துக் ககரத்தை அடித்தால் இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து "கி" ஆகும். எழுத்தர் ஒருவர் எழுத்தருடைய விரல்களின் தொல்லையை அறிந்து செய்த அமைப்பு அது.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை என்ற குழப்பமும் உடன் வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு "தமிழ்99" விசைப்பலகையை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்களுக்குரியவை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன. மிகுதியாகப் பயிலும் எழுத்துகள் விரல் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் இடம்பெற்றன. ககரத்தை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்து "க்க" ஆகும். தமிழ் எழுதுவோர் எதனை அடிக்கடி எழுதுகின்றனர் என்று எண்ணிப் பார்த்த பயன் இது. உங்கள் மகள் படிக்க விரும்புவது இத்தகைய சிந்தனையைத்தான்.

நம் பெங்களூரிலும் சான்று உண்டு. சாலஹள்ளியில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தேர்தலுக்குரிய வாக்குப்பதிவுப் பொறிகளைச் செய்கின்றது. அப்பொறியின் வடிவத்தை அமைத்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்களாகிய ஏ.ஜி. ராவ், இரவி பூவையா ஆகியோர். 1982இல் கேரளத்துப் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதித் தேர்தலில் வாக்குப்பொறி முதன்முதலாகப் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பயன்பட்டது. எழுத்தறியாத பாட்டியும் சின்னத்தைக் கண்டு அதன் நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துகின்றார். விளக்கு எரிகின்றது, ஒலி எழுகின்றது, தம் வாக்குப் பதிந்தது என்று அறிந்து திரும்புகின்றார். ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருவரிடமும் நாண வேண்டியதில்லை. நல்ல வடிவமைப்பு எளியவருக்குத் தரும் மதிப்பு இதுதான்.

தீய வடிவமைப்பு எளியவரிடமிருந்து பறிப்பதும் அம்மதிப்பையே. வங்கிக் கணக்குத் தொடங்குவதற்குக் கைப்பேசி முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்கின்றது ஒரு முறை. பார்வையற்றவரும், அமிலத் தாக்குதலில் கண்ணும் முகமும் சிதைந்தவரும் எவ்வாறு சிமிட்டுவர்? அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அந்நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்து, இருபது நெறிமுறைகளையும் வகுத்தது. திரையை அமைப்பவர் ஒருவரை மறந்தால், அவர் வாழ்வின் ஒரு வாயில் அடைபடும் என்பது இதனால் விளங்கும்.

இனி நம் ஈஜிபுராவுக்கு வருவோம். நம் வீதிகளில் வாழ்வோருள் ஓட்டுநர், காவலர், வீட்டுவேலை செய்யும் தாய்மார், கட்டடத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள் பலர். பெற்றோருக்குத் தமிழ் தெரியும், கன்னடம் பேசத் தெரியும். படிவமோ ஆங்கிலத்திலோ கன்னட எழுத்திலோ இருக்கும். ஆகவே பத்து வயதிலிருந்தே பிள்ளைகள்தாம் வீட்டுக்கு எழுத்தர்கள். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதும், ஆதார் திருத்தத்துக்கு வரிசையில் நிற்பதும், 2023இல் கிருகலட்சுமித் திட்டத்துக்கு அம்மாவின் பெயரைப் பதிய உடன் சென்றதும் அவர்களே. வேலை செய்து ரேகை தேய்ந்த விரலைப் பொறி ஏற்காதபோது அம்மாவின் முகம் எவ்வாறு வாடும் என்பதை அவர்கள் அருகில் நின்று கண்டிருக்கின்றனர். கோரமங்கலத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் அமர்ந்து திரை வரைவோருள் எத்தனை பேருக்கு இக்காட்சி கிடைத்திருக்கும்? நம் பிள்ளைகள் சுமை என்று எண்ணிய அனுபவம், இத்தொழிலில் முதலாகும். அம்முதலை மறைத்து வைக்க வேண்டா என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

நான் இருப்புப்பாதைத் துறையில் எழுத்தன். பயணச்சீட்டுக்கு வருவோர் வண்டி எண்ணைக் கூறுவதில்லை. "இராத்திரி ஏறினால் விடியலில் ஈரோடு சேருமே, அந்த வண்டி" என்பர். படிவத்தில் வண்டி எண்ணுக்குக் கட்டம் இருக்கும். மனிதர் மனத்தில் அந்தக் கட்டம் இராது. மக்கள் எதனைக் கொண்டு ஒரு செய்தியை நினைவில் வைக்கின்றனர் என்று காதுகொடுத்துக் கேட்பவருக்கு, பாதி வடிவமைப்புக் கல்வி சாளரத்தருகிலேயே கிடைத்துவிடும். மற்றப் பாதியை முறையாகக் கற்க வேண்டும்.

கற்க வேண்டியவை யாவை? முதலாவது, மனிதரைக் கேட்டும் கண்டும் அறிதல். "இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பர், "செய்து காட்டுங்கள்" என்று கூறிப் பேசாமல் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரண்டாவது, கண்டதை வகைப்படுத்தி, இன்னாருக்கு இன்ன தடை என்று தெளிவாக எழுதுதல். மூன்றாவது, தாளில் கோட்டுருவங்கள் வரைந்து பல வழிகளை எண்ணுதல். நான்காவது, மாதிரித் திரைகளைச் செய்தல். ஐந்தாவது, அவற்றை மக்களிடம் கொடுத்துச் சோதித்து, திருத்தி, மீண்டும் சோதித்தல். பெருங்கூட்டம் தேவையில்லை. ஒரே வகையைச் சேர்ந்த ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000இல் எழுதினார். ஐந்து பேரைத் தேடி நம் பிள்ளைகள் அலைய வேண்டுமா? ஒரு மாடிப்படியிலேயே கிடைப்பர்.

கல்லூரி வாயில்களைக் கூறுகின்றேன், குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவைப் படித்தவரும் எழுதத்தக்க தேர்வு யூசீட். 2015 முதல் மும்பை ஐ.ஐ.டி. இதனை நடத்துகின்றது. கணக்கும் அறிவியலும் படித்தவருக்கே உரியது என்று எண்ணிக் கலைப்பிரிவு மாணவர் பின்வாங்க வேண்டா. மும்பை, குவாகாத்தி, ஐதராபாத், தில்லி முதலிய ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். பட்டத்துக்கு இதுவே வழி. தேர்வு சனவரியில் நடப்பது வழக்கம். விண்ணப்பம் முந்திய அக்டோபர் அளவிலேயே தொடங்கிவிடும். தொடர்ந்துவரும் ஈராண்டுகளில் இருமுறைதான் எழுதலாம். ஆதலால் பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தம் வேண்டும். வரைதல் பகுதியும் உண்டு. ஓவியனாக வேண்டியதில்லை, எண்ணியதைக் கோட்டில் விளக்கத் தெரிந்தால் போதும்.

பட்டம் முடித்தவருக்கு எம்.டெஸ். படிப்பு உண்டு. அதற்குரிய தேர்வு சீட். இதற்கு வயது வரம்பு இல்லை; எத்தனை முறையும் எழுதலாம். ஆகவே பி.காம். முடித்த தம்பிக்கும் கதவு மூடவில்லை. 1961இல் அகமதாபாதில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனித்தேர்வு நடத்துகின்றது. அதன் கிளை வளாகம் நம் பெங்களூரில் தும்கூர் சாலையிலேயே இருக்கின்றது. தனியார் கல்லூரிகள் பல உண்டு. அவற்றின் கட்டணம் ஆண்டுக்குச் சில இலட்சங்கள் ஆகும் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்க. இடஒதுக்கீட்டுக்கு உரியோர், மத்திய அரசு நிறுவனங்களுக்கான சான்றிதழ்ப் படிவம் வேறு என்பதை அறிந்து, சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெற்று வைப்பது நன்று. கடைசி வாரத்தில் ஊருக்கு ஓடுவதால் பயனில்லை.

கல்லூரிக்குச் செல்ல இயலாதவர் என் செய்வது? இலவசப் பாடங்கள் நிறைய உள்ளன. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வடிவமைப்பு வகுப்புகள் என்பிடெல் வழியாகக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் சிறு கட்டணம். மும்பை மையத்தார் டி-சோர்ஸ் என்னும் தளத்தில் பாடங்களை வெளியிட்டுள்ளனர். திரை வரையப் பயன்படும் ஃபிக்மா என்னும் கருவிக்குக் கட்டணமில்லா வகை உண்டு; பென்பாட் என்பது முற்றும் திறமூலக் கருவி. பழைய கணிப்பொறி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் தொடங்கலாம்.

ஆனால் கருவியைக் கற்பதே தொழிலைக் கற்பதாகாது. தூரிகை பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் ஓவியர் ஆகார். வேலைக்கு எடுப்போர் கேட்பது பணித்தொகுப்பு, போர்ட்ஃபோலியோ என்பர். அழகிய திரைகள் இருபது இருப்பதைவிட, ஒரு சிக்கலைக் கண்டது முதல் தீர்த்தது வரை விளக்கிய இரண்டு மூன்று ஆய்வுகள் மேல். யாரைக் கண்டேன், என்ன கேட்டேன், என் முதல் எண்ணம் எவ்வாறு பொய்த்தது, எதனை மாற்றினேன், மாற்றிய பின் அவர்கள் எவ்வாறு செய்தனர் என்ற வரலாறே அதன் உயிர்.

தம்பிக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். உணவகச் செயலிகளை அழகுபடுத்தி வரைவோர் ஆயிரம் பேர். நீ அதனை விடு. நம் வீதியில் வீட்டுவேலை செய்யும் ஐந்து அக்காமார், மாத ஊதியத்தையும் முன்பணத்தையும் விடுப்பையும் எவ்வாறு கணக்கு வைக்கின்றனர் என்று கேள். சிலர் நாட்காட்டியில் கோடிடுவர். சிலர் மகனிடம் எழுதச் சொல்வர். சிலர் மனத்திலேயே வைத்திருப்பர். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குமாறு படமும் குரலும் கொண்ட ஒரு கணக்கேட்டைத் தாளில் வரை. அவர்களிடமே கொடுத்துப் பார். அவர்கள் பெயரையும் படத்தையும் அவர்கள் இசைவின்றி எவருக்கும் காட்டாதே. மூன்று முறை திருத்திய பின் திரையில் செய். இத்தகைய ஆய்வு ஒன்று, இலட்ச ரூபாய்ச் சான்றிதழைவிட உரத்துப் பேசும். மேலும், தொலைபேசியில் நாள்தோறும் நூறு பேரின் முறையீட்டைக் கேட்கும் நீ, எந்த இடத்தில் மக்கள் தடுக்கி விழுகின்றனர் என்பதை அறிந்தவன். உன் அலுவலகத்து இரகசியங்களை வெளியிடாமல், அவ்வறிவை அங்குள்ள வடிவமைப்புக் குழுவினரிடமே எடுத்துக் கூறு. உள்ளிருந்தே துறை மாறியவர் பலர்.

கடன் வாங்கலாமா என்ற வினாவுக்கு என் விடை: வாங்க வேண்டா. முதலில் ஆறு திங்கள் இலவசப் பாடங்களில் பயின்று, ஓர் ஆய்வையேனும் முடித்துப் பார்க்கட்டும். ஆர்வம் நிலைத்தால் பின்னர் எண்ணலாம். "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் நிலையத்தாரிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்தவர் எத்தனை பேர், அவருள் இத்துறையிலேயே வேலை பெற்றவர் எத்தனை பேர், அவருள் சிலரோடு நாங்கள் பேசலாமா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்பதும் பல வேளைகளில் கடனே. கையொப்பமிடும் முன் யாருக்குக் கடன்படுகின்றோம் என்று படித்துப் பாருங்கள்.

இன்னும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. 2022க்குப் பின் உலக மென்பொருள் நிறுவனங்கள் பல ஆட்குறைப்புச் செய்தன; புதியோருக்கு முதல் வேலை கிடைப்பது முன்போல் எளிதன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் திரை வரைந்து தருகின்றன. வெறும் வரைதலை நம்பியவர் நிலை இடர்ப்பாடே. ஆனால் அக்கருவி ஈஜிபுராவின் மாடிப்படியில் அமர்ந்து ஓர் அக்காளின் தயக்கத்தைக் கண்டதில்லை. காணவும் கேட்கவும் எழுதவும் எடுத்துரைக்கவும் வல்லவருக்கு இடமுண்டு. ஆகவே ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகுக, கன்னடத்தைப் படிக்கவும் கற்க, தமிழை விடற்க. மூன்று மொழியாரோடு பேசி அறியத்தக்க ஆய்வாளர் இந்நகரில் மதிக்கப்படுவர்.

பெண்மக்களைப் பெற்றோருக்கு ஒரு சொல். இப்படிப்பைப் பொழுதுபோக்கு ஓவியம் என்று தள்ளிவிடாதீர்கள். மகளை அருகழைத்து, நம் வீட்டில் எந்தப் பொருள் அல்லது எந்தப் படிவம் உன் பாட்டியைத் துன்புறுத்துகின்றது, அதனை எவ்வாறு மாற்றுவாய் என்று கேளுங்கள். அவள் உடனே விடை கூறாமல், "பாட்டியைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால், தயங்காமல் யூசீட் விண்ணப்பத்துக்கு வழிசெய்யுங்கள்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்க அறையில் வரைதலுக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் இடமளித்தால், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகள் சிலரேனும் பயன் பெறுவர். இத்துறையில் பணிபுரியும் நம்மவர் எவரேனும் திங்களுக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளின் தொகுப்பைப் பார்த்துக் குறை கூறினால் அதுவே பேருதவி. வர இசைவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்க. யூசீட், சீட் தேர்வுகளின் விண்ணப்ப நாள்கள் அறிவிக்கப்பட்டதும் இப்பகுதியிலேயே வெளியிடுவேன்.